விருந்தாளிக்கு ஒரு நாற்காலி

பல் டாக்டருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. வருஷக்கணக்காக அடுத்தவர் வாய்க்குள்ளேயே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் பிடித்துக்கொள்ளும். எலும்பு டாக்டர் படமெடுத்துப் பார்த்துவிட்டு, "மாத்திரை எழுதிக் கொடுத்தா நீங்களே சிரிப்பீங்க. தினம் கொஞ்ச நேரம் நிமிர்ந்து பாருங்க. தூரத்துல இருக்கிறதைப் பாருங்க. அவ்வளவுதான் வைத்தியம்," என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நிமிர்ந்து பார்க்கலாம்தான். ஆனால் கிளினிக் ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒரு சுவர். வீட்டு ஜன்னலைத் திறந்தால் இன்னொரு கட்டடத்தின் முதுகு. இந்தக் குறையை அவர் நோயாளிகளிடம் சொல்லிப் புலம்பினார். வாயில் பஞ்சோடு படுத்திருப்பவர்கள் குறுக்கே பேசுவதில்லை. புலம்புவதற்கு அவர்களைவிடத் தோதான ஆட்கள் கிடையாது.

ஒரு நாள் அப்படிப் படுத்திருந்தவர் திடீரென்று "ஆவை! ஆவை!" என்று கையை ஆட்டினார். வலிக்கிறது போலிருக்கிறது என்று டாக்டர் இன்னொரு ஊசி போட்டார். பஞ்சை எடுத்த பிறகுதான் அவர் சொன்னது 'பறவை' என்று தெரிந்தது. அப்போதும் பாதி உதடு மரத்துப்போயிருந்ததால் இரண்டு கைகளாலும் சிறகடித்துக் காட்டித்தான் புரியவைத்தார்.

அவர் 'ஏரிப் பறவை நோக்கர் பேரவை'யின் செயலாளர். தொழில், கூட்டங்களுக்கு நாற்காலியும் மேடையும் வாடகைக்கு விடுவது. வாய் சரியானதும் ஃபோன் செய்தார்.

"ஞாயித்துக்கிழமை காலையில ஏரிக்கு வாங்க டாக்டர். தூரம், உயரம் ரெண்டும் அங்க இருக்கு. வீட்ல அவங்களையும் கூட்டிட்டு வாங்க. நாற்காலி பத்தி மட்டும் கவலையே படாதீங்க."

பறவை பார்ப்பதற்கும் நாற்காலிக்கும் என்ன சம்பந்தம் என்று டாக்டருக்கு விளங்கவில்லை. ஆனால் அவர் மனைவிக்கு ஒரே சந்தோஷம். அவர் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை பார்ப்பவர். பகலெல்லாம் எழுத்துகளை முறைத்துப் பார்க்கும் கண்ணுக்கும் ஒரு மாறுதல் வேண்டியிருந்தது. கடைக்குப் போய் ஒரு பைனாகுலரே வாங்கிவிட்டார்.

ஏரி பெரியது. கரையோரம் கோரைப்புல்லும் நாணலும் இடுப்புயரத்துக்கு வளர்ந்து நின்றன. பனி இன்னும் தண்ணீர் மேல் கிடந்தது. நீர்க்காகங்கள் பட்டுப்போன மரம் ஒன்றில் சிறகை விரித்துக் காயப்போட்டிருந்தன. கொக்குகள் ஒற்றைக் காலில் நின்றன. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். கழுத்தில் ஏதோ ஒரு நரம்பு இளகியது.

"டாக்டர், அந்தப் பக்கம் இல்லை. இந்தப் பக்கம்," என்று செயலாளர் அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

இந்தப் பக்கம் மேடை இருந்தது. மேடைக்கு எதிரே வரிசை வரிசையாக நாற்காலிகள் இருந்தன. உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் முகம் மேடையைப் பார்த்தும் முதுகு ஏரியைப் பார்த்தும் இருந்தன.

மேடையில் தலைவர் வந்து நின்றார். போக்குவரத்துத் துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்க அவர் கை காட்டிய இடத்தில் வண்டிகள் நின்றிருக்கின்றன. அவர் பாட்டுக்குக் கை காட்ட, பறவைகள் மட்டும் அவை பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. அதை ஒழுங்குபடுத்தத்தான் பேரவையைத் தொடங்கினார் என்று சொல்வார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காகிதத்தை விரித்து, மைக்கைத் தட்டினார். பட்ட மரத்தில் பாதி நீர்க்காகங்கள் கிளம்பின.

"பேரவையின் பெருமைக்குரிய உறுப்பினர்களே! மௌனம்! மௌனமே நமது உயிர்மூச்சு! இந்த ஏரிக்கரையில் மௌனத்தைப் பற்றி என்னைப் போல் பேசியவர் எவரும் இல்லை. ஒவ்வொரு வாரமும் பேசியிருக்கிறேன். தொண்டை கட்டிய வாரத்தில்கூட ஒலிபெருக்கியை இன்னும் கொஞ்சம் உயர்த்தி வைத்துப் பேசியிருக்கிறேன்!"

பேச்சு முடிந்ததும் உறுதிமொழி. எல்லோரும் எழுந்து நின்று, கையை நீட்டி, ஒரே குரலில், "சத்தம் போட மாட்டோம்! சத்தம் போட மாட்டோம்!" என்று முழங்கினார்கள். கொக்குகளும் போய்விட்டன.

பிறகு செயலாளர் புது ஆட்களுக்கு விதிமுறைகளை விளக்கினார். முதல் வருஷக்காரர்கள் பயிலுநர்கள். அவர்கள் வெறுங்கண்ணால் மட்டும் பார்க்கலாம். இரண்டாம் வருஷம் பைனாகுலர் அனுமதி. மூன்றாம் வருஷம் விரல் நீட்டிக் காட்டலாம். பறவையின் பெயரை வாய்விட்டுச் சொல்வது ஆயுட்கால உறுப்பினர்களின் உரிமை. அந்தப் பெயர் சரியா என்று முடிவு செய்வது அடையாளக் குழு. குழுவுக்குத் தலைவர், தலைவரே.

"அப்போ பயிலுநர் ஏதாவது பறவையைப் பார்த்துட்டா?" என்று டாக்டர் கேட்டார்.

"மனசுக்குள்ள வச்சுக்கணும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"ரெண்டு வருஷத்துக்கு."

மனைவியின் பைனாகுலர் பாதுகாப்பாக வாங்கி வைக்கப்பட்டது. அவர் அதைக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது, காலியாகக் கிடந்த ஏரியின் நடுவே ஏதோ ஒன்று முளைத்தது. கைப்பிடியளவு பறவை. கழுத்து செம்பழுப்பாக மின்னியது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தலைகீழாகத் தண்ணீருக்குள் போய்விட்டது.

"அதோ! அதோ பாருங்க!" என்று டாக்டர் விரலை நீட்டினார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பறவையை அல்ல, விரலை.

பயிலுநர் விரல் நீட்டியது பேரவை வரலாற்றில் அதுவே முதல் முறையாம். விசாரணை அங்கேயே நடந்தது. டாக்டரும், அவரைத் தடுக்காத குற்றத்துக்காக அவர் மனைவியும், தண்டனையாகக் கடைசி வரிசைக்கு அனுப்பப்பட்டார்கள். கடைசி வரிசை என்றால் தண்ணீரை ஒட்டிய வரிசை. கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் ஏரி முழுவதும் தெரிந்தது.

"எழுத்துப் பிழை மாதிரி இருக்கு," என்று மனைவி காதோரம் சொன்னார். "யாரும் கவனிக்கிறதுக்குள்ள அனுபவிச்சுக்குவோம்."

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் இருவருக்கும் ஏரிதான். தண்டனைக் காலம் முடிந்துவிடக்கூடாதே என்று வாரம் ஒரு சின்னக் குற்றம் செய்தார்கள். ஒரு வாரம் மனைவி உறுதிமொழியை மெதுவாகச் சொன்னார். இன்னொரு வாரம் டாக்டர் மேடையைப் பார்த்துத் தும்மினார். மேடையில் பேச்சு நடக்கும்போது இவர்கள் நாற்காலியை அங்குலம் அங்குலமாகத் திருப்பி, செங்கழுத்துப் பறவை எங்கே மூழ்கி எங்கே எழும் என்று பந்தயம் கட்டினார்கள். டாக்டர் எப்போதும் தோற்றார். வீட்டில் வேலை, கிளினிக், அச்சகம் என்று ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தவர்கள், இப்படிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போல வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

கூட்டைக் கண்டுபிடித்தது மனைவிதான். நாணல் நடுவே அழுகிய பாசிக் குவியல் ஒன்று மிதந்தது. செங்கழுத்துக்காரி அதன் மேல் ஏறி, பாசியை அலகால் விலக்கினாள். உள்ளே முட்டைகள். வேறொரு செங்கழுத்து வந்ததும் இவள் இறங்கிப் போனாள். மேடையில் கைதட்டல் எழுந்தால் உட்கார்ந்திருப்பது அவசர அவசரமாகப் பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுத் தண்ணீருக்குள் பாய்ந்துவிடும்.

"ஐயோ, முட்டை!" என்று மனைவி தன்னை மறந்து சொல்லிவிட்டார்.

ஒலிபெருக்கிச் சத்தத்தில் வார்த்தை யாருக்கும் விளங்கவில்லை; கூச்சல் மட்டும் கேட்டுப் பேச்சு நின்றது. தலைவர் இறங்கி வந்தார். பேரவையின் பெரிய தொலைநோக்கி கொண்டுவரப்பட்டது. யார் முதலில் பார்ப்பது என்ற மரபுப்படி தலைவர், துணைத் தலைவர், செயலாளர் என்று வரிசை நின்றது. தலைவர் கண் வைத்த நொடியில் செங்கழுத்து முக்குளித்தது. அவர் பார்த்தது தண்ணீரில் ஒரு வளையம், கொஞ்சம் சிவப்பு. மற்றவர்கள் பார்த்தது வளையம் மட்டும்.

அடையாளக் குழு கூடியது. டாக்டர் தயங்கித் தயங்கி, "நாங்க ரெண்டு பேரும் வாராவாரம் பார்க்கிறோம். அது எப்படி இருக்கும்னா..." என்று ஆரம்பித்தார்.

தலைவர் கை காட்டினார். டாக்டர் நின்றார்.

"பார்த்தவர்களின் கருத்தை எடுத்துக்கொள்ள இயலாது," என்றார் தலைவர். "பார்த்தவருக்கு, தான் பார்த்ததுதான் உண்மை என்ற ஒருதலைப்பட்சம் வந்துவிடும். பார்க்காதவர்களே நடுநிலையானவர்கள். அந்த வகையில் இந்தக் குழுவைவிட நடுநிலையான குழு வேறு எங்கும் இல்லை என்பதைப் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறேன்!"

நடுநிலைக் குழு, அது பனிப்பிரதேசத்திலிருந்து கடல் கடந்து வந்திருக்கும் அபூர்வ விருந்தாளி என்று ஒருமனதாக முடிவு செய்தது. இவ்வளவு தூரம் வந்தவரைச் சும்மா விடலாமா? வரவேற்பு விழா எடுக்கத் தீர்மானம் போட்டார்கள். விருந்தாளியை இருந்த இடத்துக்கே போய் வரவேற்பதுதான் மரியாதை என்று செயலாளர் எழுந்து சொன்னார். நாணலை வெட்டிச் சுத்தம் செய்து, தண்ணீருக்குள் கம்பு நட்டு, விருந்தாளி தங்கியிருக்கும் அதே இடத்தில் மேடை. அவரிடம் புது மேடை ஒன்று தயாராக இருந்தது.

டாக்டர் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

"ஐயா, ஒரு கேள்வி."

"பயிலுநர்கள் பறவையைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது," என்று செயலாளர் ஞாபகப்படுத்தினார். "நாற்காலி பத்திக் கேட்கலாம்."

டாக்டர் யோசித்தார். "நாற்காலி பத்திதாங்க. நீங்க நாற்காலி போடப்போற இடத்துல ஏற்கெனவே ஒருத்தங்க உட்கார்ந்திருக்காங்களே?"

"எழுந்து போகச் சொல்லுங்கள்," என்றார் தலைவர்.

அன்றைக்குத் தீர்மானமெல்லாம் முடிந்து வீடு திரும்பும்போது இருட்டிவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் மனைவி வெடித்தார்.

"அந்த மனுஷன்கிட்ட நேரா போய்ச் சொல்ல வேண்டியதுதானே? நாலு வார்த்தை. 'அங்க முட்டை இருக்கு, வெட்டாதீங்க.' இதைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"சொல்ல நேரம் ஆகாதும்மா. அவர் பேசி முடிக்கத்தான் நேரம் ஆகும். போன வாரம் வேற விஷயமா அவருக்கு ஃபோன் பண்ணினேன், தெரியுமா? ஹலோன்னு நான் சொன்னதுக்கே பதிலுரை ஆத்தினார். காது சூடாகி நானே வச்சுட்டேன்."

"அப்போ முட்டை?"

டாக்டர் கதவைத் திறந்தார். மனைவி உள்ளே போய் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்துவிட்டார். வெறும் கோபம் என்றால் டாக்டர் சமாளித்திருப்பார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தபோது டாக்டருக்குத் தான் எந்தக் கையாலாகாத கூட்டத்தில் சேர்ந்திருக்கிறோம் என்பது உறைத்தது.

விழா நெருங்கியது. நாணலோரம் கம்புகள் வந்து இறங்கிவிட்டன. அப்போதுதான் தலைவருக்குக் கடைவாய்ப் பல் உடைந்தது. வரவேற்புரையை ஒத்திகை பார்த்துக்கொண்டே ரொட்டியைக் கடித்திருக்கிறார். 'பனிப்பிரதேசம்' என்ற இடத்தில் உடைந்ததாம். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நேராகப் பல் டாக்டரின் கிளினிக்குக்கு வந்து சேர்ந்தார்.

டாக்டர் அவரை நாற்காலியில் சாய்த்தார். ஊசி போட்டார். மரத்துப்போகும்வரை காத்திருந்தார். பஞ்சு வைத்தார், எச்சில் உறிஞ்சும் குழாயைத் தொங்கவிட்டார். சத்தியமாக மருத்துவத்துக்கு வேண்டியதற்கு மேல் ஒரு துண்டுப் பஞ்சுகூட வைக்கவில்லை. ஆனால் விளக்கை இழுத்துக் குனிந்தபோதுதான், பேரவை தோன்றிய நாளிலிருந்து எவருக்கும் வாய்க்காத ஒன்று தனக்கு வாய்த்திருப்பது அவருக்குப் புரிந்தது. தலைவரின் வாய் திறந்திருந்தது. அதிலிருந்து பேச்சு வரவில்லை.

டாக்டரின் கை பல்லில் வேலையைத் தொடங்கியது. அது தொழில் பழக்கம். கூடவே வாயும் தொடங்கியது.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. நான் பயிலுநர்தான். ஆனா இது கிளினிக். அந்த நாணலுக்குள்ள கூடு இருக்குங்க."

"ங்ங்ஆ?"

"இன்னும் கொஞ்சம் திறங்க. முட்டை இருக்கு. ரெண்டும் முறை போட்டுக்கிட்டு அடைகாக்குது. ஒண்ணு களைச்சுப் போனா இன்னொண்ணு வருது. நாம கைதட்டுறப்ப எல்லாம் பயந்து போய்ப் பாசியை இழுத்து மூடிட்டு ஓடுது. கூட்டம் எப்போ கலையும்னு தண்ணிக்குள்ளருந்து எட்டி எட்டிப் பார்க்குது. நீங்க முடிவுரைன்னு சொல்லிட்டு மறுபடி ஆரம்பிக்கிறீங்க பாருங்க, அப்போ அது பாதி தூரம் வந்துட்டுத் திரும்பிப் போகுதுங்க."

தலைவரின் கண்கள் விளக்கின் வெளிச்சத்தில் அசையாமல் இருந்தன. டாக்டர் உடைந்த பல்லைச் சரிசெய்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அது எப்படி மூழ்கும், எங்கே எழும், தான் பந்தயத்தில் எப்படித் தோற்பார், தன் மனைவி எதற்காக இருட்டில் உட்கார்ந்திருந்தார் என்பது வரைக்கும். இவ்வளவு நேரம் ஒரு விஷயத்தைத் தலைவரிடம் யாரும் சொன்னதில்லை. சொல்ல இடம் இருந்ததில்லை.

வேலை முடிந்து வாயைக் கொப்பளித்த பிறகும் தலைவர் எழுந்திருக்கவில்லை. பாதி உதடு தொங்கியது.

"முத்தையா?" என்றார்.

"முட்டைதாங்க."

"நான் பார்த்ததே இல்ல டாக்டர்." வார்த்தைகள் கோணல்மாணலாக வந்தன. "மேடையிலருந்து எனக்கு ஏரி நேரா தெரியணும். ஆனா பேச்சைப் படிக்கிற கண்ணாடியில பார்த்தா அது வெறும் வெளுப்பு. கழட்டினா பேச்சு தெரியாது."

"பேசாம இருந்துடலாமே?"

தலைவர் அவரை அதிசயமாகப் பார்த்தார். இந்த யோசனையை இதுவரை எந்தக் குழுவும் முன்வைத்ததில்லை.

மேடை இடம் மாறியது. அதற்கான காரணத்தைத் தலைவர் அறிக்கையாக வெளியிட்டார்: நெடுந்தூரப் பயணக் களைப்பில் விருந்தாளி ஓய்வெடுப்பதால் அவரைத் தொந்தரவு செய்யாமல், விழாவை ஏரிக்கு எதிரே உள்ள மண்டபத்தில் நடத்துவதென்றும், ஏரிக்கரைக்கு அன்று யாரும் போகக்கூடாதென்றும். செயலாளருக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் மண்டபத்தில் இன்னும் அதிக நாற்காலி போடலாம் என்று கணக்குப் பார்த்ததும் தெளிந்துவிட்டார்.

விழா அன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடை நடுவில் வெல்வெட் போர்த்திய நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. அது விருந்தாளிக்கு. துணைத் தலைவர் அந்த நாற்காலிக்குப் பூங்கொத்து கொடுத்தார். வாங்க ஆளில்லாததால் நாற்காலி மேலேயே வைத்துவிட்டு, அதனுடன் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார். ஒரு பேச்சாளர் விருந்தாளியின் எளிமையைப் புகழ்ந்தார். "எவ்வளவு உயரத்தில் பறந்தும் கர்வம் இல்லை! அழைத்தும் வராத அடக்கம்!" என்றார். கைதட்டல் கூரையைத் தொட்டது.

அடுத்து, விருந்தாளியின் சார்பில் செயலாளர் ஏற்புரை வழங்க எழுந்தார்.

"என் இனிய பேரவை உறுப்பினர்களே! நான் எத்தனையோ நாடுகளுக்குப் பறந்திருக்கிறேன். எத்தனையோ ஏரிகளில் நீந்தியிருக்கிறேன். ஆனால், இவ்வளவு வசதியான நாற்காலிகளை வேறெங்கும் கண்டதில்லை..."

டாக்டரின் மனைவி கணவரின் கையைக் கிள்ளினார். இருவரும் குனிந்துகொண்டே கடைசி வரிசையிலிருந்து நழுவி, சாலையைக் கடந்து, ஏரிக்கரைக்கு வந்தார்கள்.

கரையில் ஒருவரும் இல்லை. நீர்க்காகங்கள் பட்ட மரம் நிறைய இருந்தன. கொக்குகள் அத்தனையும் திரும்பி வந்திருந்தன. பேரவை மொத்தமும் மண்டபத்துக்குள் அடைபட்டிருக்கும் செய்தி எப்படியோ பரவியிருந்தது போல, டாக்டர் இதுவரை கண்டிராத பறவைகள்கூட வந்து இறங்கியிருந்தன. இருவரும் புல்லில் உட்கார்ந்தார்கள்.

நாணலை விலக்கிக்கொண்டு செங்கழுத்துக்காரி வெளியே வந்தாள். முதுகில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. மனைவி மூச்சை அடக்கிக்கொண்டார். சிறகுகளுக்கு நடுவிலிருந்து, கோடு போட்ட ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. பக்கத்தில் இன்னொன்று. தாய் சட்டென்று மூழ்கியதும் குஞ்சுகள் இரண்டும் தக்கை போலத் தண்ணீர் மேல் பொங்கி மிதந்தன. தாய் எழுந்ததும் மறுபடி முட்டி மோதி முதுகில் ஏறிக்கொண்டன.

பின்னால் காய்ந்த சருகு நொறுங்கியது. திரும்பிப் பார்த்தால் தலைவர். கோட்டும் பளபளக்கும் ஷூவுமாகச் சேற்றில் நின்றுகொண்டிருந்தார். மூக்கில் கண்ணாடி இல்லை. அவர் ஏரியைப் பார்த்தார். வாயைத் திறந்தார். டாக்டரின் மனைவி உதட்டில் விரல் வைத்தார். மூன்றாம் வருஷ அனுமதி இல்லாத விரல்.

தலைவர் வாயை மூடிக்கொண்டார். மெதுவாக, கோட்டோடு, ஈரப்புல்லில் உட்கார்ந்தார். ஒரு குஞ்சு ஏற முடியாமல் இரண்டு தடவை வழுக்கி விழுந்தது. மூன்றாவது தடவை ஏறிவிட்டது. தலைவர் தன்னையறியாமல் கைதட்டப் போய், சத்தம் வராமல் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வைத்துக்கொண்டார்.

"மறுபடி முங்குமா?" என்றார் கிசுகிசுப்பாக.

"முங்கும். எங்க எழும்னு சொல்லுங்க பார்ப்போம்," என்றார் டாக்டர்.

சாலைக்கு அப்பால் மண்டபத்து ஒலிபெருக்கி கரகரத்தது. நிறைவுரை ஆற்றத் தலைவர் அவர்களை மேடைக்கு அழைப்பதாகச் சொன்னது. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி அழைத்தது. பிறகு, தலைவர் எங்கிருந்தாலும் உடனே வரவும் என்று கெஞ்சியது.

தலைவர் ஏரியின் வலது ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பறவை அங்கேதான் எழும் என்று சொல்லியிருந்தார்.

"தேடுறாங்க, ஐயா," என்றார் டாக்டர்.

"நான் வரலைன்னு சொல்லிடுங்க," என்றார் தலைவர், கண்ணை எடுக்காமல். "அந்த நாற்காலி பக்கத்துல இன்னொண்ணு காலியா போடச் சொல்லுங்க. கைதட்டிக்குவாங்க."

பறவை இடது பக்கம் எழுந்தது. மனைவி ஜெயித்தார்.